கரித்தாளுக்கு மூக்கு முளைத்த கதை

இந்தப் பகுதியை எழுத நாம் பேனாவைக் காட்டிலும் பென்சிலையே அதிகமாக உபயோகிப்பது வழக்கம். எழுதியதை அழிப்பதற்குச் சௌகரியம் என்பது ஒரு காரணம். நாம் எழுதுவதில் அழிக்க வேண்டியதே அதிகம் என்பது மற்றொரு காரணம். இத்தனை வருஷங்களாகப் பென்சிலைச் சீவியும், தேய்த்தும், யோசனை ஓடாத சமயங்களில் கடித்தும் வந்திருக்கிறோமே ஒழிய, அதன் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புக் குச்சியைப் பற்றி ஒரு கணமாவது சிந்தித்தோமில்லை. அப்படிச் சிந்தித்த இருவருக்கு 2010-ம் வருஷத்தில் பௌதிக சாஸ்திரத்துக்குரிய நோபெல் பரிசு கிடைத்தது. அந்தக் குச்சியின் ஒரு சிறு சிராய்க்கு இப்போது மூக்கு முளைத்திருக்கிறது. அது விஷ வாயுக்களை மோப்பம் பிடிக்கிறது என்கிறார்கள். இதில் எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் விளம்பரம் என்பதை இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து பார்ப்போம்.

பென்சிலுக்குள் இருப்பதைக் காரீயம் என்கிறோம். அதில் ஈயம் அணுவளவும் கிடையாது. இங்கிலாந்தில் பாரோடேல் என்னும் மலைப் பிரதேசத்தில் பதினாறாம் நூற்றாண்டில் அகப்பட்ட கறுப்புக் கல்லை ஈயத்தின் வகையென்று தவறாகக் கருதிப் பெயரிட்டார்கள். அந்தத் தவறு கப்பலேறி வந்து நம் பாஷையிலும் குடியேறிவிட்டது. 1789-ல் வெர்னர் என்ற ஜெர்மானிய அறிஞர், எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிராபைட்' என்ற பெயரை அமைத்தார். வஸ்து என்னவோ கரிதான். அடுப்புக் கரிக்கும் வைரத்துக்கும் தாயாதி முறை.

இந்தக் கிராபைட்டின் அமைப்பு விநோதமானது. கரியின் பரமாணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல் ஆறு மூலைகளாகக் கைகோத்துக்கொண்டு, ஒரே ஒரு பரமாணுவின் கனமுள்ள தாளாக விரிந்திருக்கின்றன. அத்தகைய தாள்கள் அப்பளக் கட்டைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிகப் பலமானது; தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ள உறவோ வெகு சொற்பம். ஆகையால்தான் காகிதத்தில் லேசாக இழுத்தவுடன் அடுக்குகள் வழுக்கிக்கொண்டு வந்து எழுத்தாக ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராபைட்டில் ஏறக்குறைய 30 லட்சம் தாள்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தனியே எடுத்தால் அதற்குப் பெயர் 'கிராபீன்'.

ஒற்றைத் தாளின் குணம் எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் கனடா தேசத்தில் வேலை செய்த வாலஸ் என்பவர். அவர் கட்டுரை வெளியான வருஷம் 1947. நம் நாட்டு மக்கள் செங்கோட்டையில் மூவர்ணக் கொடி ஏறுவதைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட அதே வருஷம். கணக்கு சரிதான், ஆனால் தாளைப் பிரித்தெடுக்க அப்போது வழி அகப்படவில்லை. அப்படிப்பட்ட தாள் தனித்து நிற்காது, சுருண்டு சிதைந்துவிடும் என்றே வெகு காலம் பலரும் நம்பி வந்தார்கள்.

தாளைப் பிரித்து, அதன் வழியே மின்சாரம் செலுத்திக் காட்டியவர்கள் ருஷ்யாவில் பிறந்து இங்கிலாந்துக்குச் சென்ற ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோஸெலோவும். இடம், மாஞ்செஸ்டர் சர்வகலாசாலை. மாஞ்செஸ்டர் என்ற பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மல் துணியும், அந்நியத் துணி பகிஷ்காரமும், தெருமுனைகளில் எரிந்த சொக்கப்பானைகளும்தான் நினைவுக்கு வந்தன. இனி இந்தக் கரித்தாளும் நினைவுக்கு வருவதில் தவறில்லை.

கெய்ம் ஒரு விசித்திரப் பிரகிருதி. பலமான காந்தத்தின் மேல் தவளையை அந்தரத்தில் மிதக்க வைத்து, அதற்காக 2000-ம் வருஷத்தில் ஒரு பரிகாசப் பரிசு பெற்றவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று பாராமல் மனம்போன போக்கில் பரிசோதனை செய்வது அவருடைய வழக்கம். ஒரு சமயம் ஒரு மாணவரிடம் கிராபைட் துண்டு ஒன்றைக் கொடுத்து, எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக யந்திரத்தில் தேய்க்கச் சொன்னார். மாணவர் தேய்த்து முடித்தபோது மிஞ்சியது ஒரு பொட்டுத்தான். அதுவும் போதிய மெல்லியதாக இல்லை. அப்போது பக்கத்தில் வேலை செய்த ஓர் ஆராய்ச்சியாளர், கிராபைட்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதற்காக ஒட்டிப் பிய்த்துக் குப்பையில் போடும் பசைநாடாவைக் கொண்டுவந்து காட்டினார். அந்த நாடாவில் ஒட்டியிருந்த துகள்கள் யந்திரம் தேய்த்ததைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு மெல்லியவை! நாடாவை மடித்து ஒட்டிப் பிய்த்து, மறுபடியும் ஒட்டிப் பிய்த்து, கடைசியில் ஸிலிகன் வில்லையின்மேல் அழுத்தி எடுத்தார்கள். வில்லையின்மேல் இருந்த ஆக்ஸைடுப் பூச்சின் கனம் நல்லவேளையாகப் பொருத்தமாக வாய்த்ததால், ஒற்றைத் தாளும் சாதாரண பூதக்கண்ணாடிக் கருவியில் மங்கலான நிறமாகத் தென்பட்டது. 2004-ல் செய்தி வெளியாயிற்று. ஒற்றைத் தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 100-க்கு 2.3 பங்கை மறைக்கிறது என்று 2008-ல் அளந்து சொன்ன கட்டுரையில், முதற் பெயர் ராகுல் நாயர் என்ற கேரளத்து இளைஞருடையது.

கதை சுவாரஸ்யமாக இருப்பதால் நீட்டிவிட்டோம். மூக்குக்கு வருவோம்.

2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவை நெருங்கிய சமயத்தில், சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவக் கிராமங்களில் தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறியும் கண் எரிந்தும் விழித்தெழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு அபாயத்தை முதன்முதலில் அறிவித்தது எது? அவர்களுடைய மூக்குத்தான்.

இதைக் காட்டிலும் கோரமான இரவு ஒன்று உண்டு. 1984-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறக்குறைய 40 டன் மீதைல் ஐஸோஸயனேட் வெளியாகி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்த ஆலையில் சிறு கசிவுகளைத் தொழிலாளர்கள் எப்படிக் கண்டுபிடித்து வந்தார்கள் என்பது பிற்பாடு வெளியாயிற்று. தங்கள் கண் எரிந்து நீர் வடிந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்! கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான ஆலைக்குக் கசிவு காட்டும் கருவியாக ஏழைத் தொழிலாளியின் கண்கள் உபயோகப்பட்டிருக்கின்றன. இதைப் படித்த அன்று நமக்குச் சோறு இறங்கவில்லை.

மனித மூக்கை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாக்கடைக் குழிகளில் உற்பத்தியாகும் ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு அழுகின முட்டை நாற்றமடிக்கும். மிகச் சொற்பமாக இருந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு அது ஏறிவிட்டால், சில நிமிஷங்களுக்குள் நாசி மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடுகிறது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைத்தவன் திரும்பி ஏறுவதில்லை.

இந்த அபாயத்தை மனிதன் நெடுநாளாக அறிவான். பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் கிராமத்து வழக்கம். விளக்கு அணைந்தால் அங்கே பிராண வாயு இல்லை. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கானரி என்ற சிறு பட்சியைக் கூண்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஹால்டேன் என்ற பேரறிஞரின் யோசனை அது. பட்சி மயங்கி விழுந்தால் மனிதர் வெளியேற வேண்டும். இந்த ஏற்பாடு 1986 வரையில் வழக்கத்தில் இருந்தது. 1962-ல் ஜப்பான் தேசத்து டாகுச்சி என்பவர் வெள்ளீய ஆக்ஸைடைக் கொண்டு வாயுவை உணரும் கருவி ஒன்று அமைத்தார். காற்றிலுள்ள பிராண வாயு அந்த ஆக்ஸைடின் மேல் ஒட்டிக்கொண்டு மின்சார ஓட்டத்துக்குத் தடையாக நிற்கிறது, எரியக்கூடிய வாயு வந்தால் அந்தப் பிராண வாயுவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறது, தடை குறைகிறது, மணி அடிக்கிறது. அருமையான யுக்திதான். ஆனால் அந்த ஆக்ஸைடு வேலை செய்ய வேண்டுமானால் அதை நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் ஓயாமல் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு பாட்டரி அதற்கு ஈடுகொடுக்காது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய முடியாது.

இங்கேதான் கரித்தாள் வந்து நிற்கிறது. கிராபீன் அறைச் சூட்டிலேயே வேலை செய்கிறது. ஏனெனில், அதற்கு 'உள்' என்பதே கிடையாது, இருப்பதெல்லாம் மேற்பரப்புத்தான். சாதாரண வஸ்துவில் ஒரு வாயு மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டால், உள்ளே ஓடும் எலெக்ட்ரான்களுக்கு அந்தச் சமாசாரம் எட்டுவதே இல்லை. கிராபீனிலோ ஒவ்வொரு பரமாணுவும் வெளிக் காற்றில் நிற்கிறது. ஒரு கிராம் கிராபீனின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து விரித்தால் 2,630 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய அரைக் காணி நிலம். ஒரு சிட்டிகைப் பொடியில் அரைக் காணி!

வந்து ஒட்டும் மூலக்கூறு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அம்மோனியா தாராள குணம் படைத்தது; கரித்தாளுக்குக் கொஞ்சம் எலெக்ட்ரானை வழங்குகிறது. மோட்டார் வண்டிகளின் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடோ பறிக்கும் ஜாதி, எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. கிராபீனில் மின்சாரத்தைச் சுமந்து செல்வோரின் தொகை வெகு சொற்பமாக இருக்கும்படி வைத்துக்கொள்ள முடியும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சே மாறிவிடுகிறதல்லவா? அப்படித்தான் இதுவும். ஒரு எலெக்ட்ரான் கூடினாலும் குறைந்தாலும் தடையில் மாறுதல் தெரிகிறது.

2007-ல் கெய்ம், நோவோஸெலோவ் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். நைட்ரஜன் டை ஆக்ஸைடு, அம்மோனியா, கார்பன் மானாக்ஸைடு, நீராவி ஆகியவற்றைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வீதம் கலந்து விட்டபோது கரித்தாளின் தடை தெளிவாக ஏறி இறங்கிற்று. பிறகு வாயுவை இன்னும் வெகுவாக நீர்க்கச் செய்து பார்த்தார்கள். அப்போது தடை வழுவழுப்பாக மாறாமல், படிக்கட்டுப் போல் ஒவ்வொரு படியாக மாறிற்று. ஒரு படி என்பது ஒரு மூலக்கூறு வந்து உட்கார்வது, அல்லது எழுந்து போவது! ரஸாயன சாஸ்திரத்தின் சரித்திரத்தில் இதற்குமேல் கூர்மையான நாசி இருக்க முடியாது. மூலக்கூறில் பாதியை மோப்பம் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பத்திரிகைகள் இந்தச் செய்தியைக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் கொட்டை எழுத்துத் தலைப்புக்களில் விட்டுப்போன விவரங்கள் சில உண்டு. ஒற்றை மூலக்கூறைக் கண்ட பரிசோதனை பலமான காந்தப் புலத்துக்குள் வைத்துச் செய்யப்பட்டது. ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகள் அறைச் சூட்டில் தாமாக எழுந்து போவதில்லை. பந்திக்கு முந்திக்கொண்டு உட்கார்ந்த விருந்தாளிகளைப்போல் அசையாமல் இருந்துவிடுகின்றன. அவற்றைக் கிளப்புவதற்கு வெற்றிடத்தில் வைத்து 150 டிகிரி வரை காய்ச்ச வேண்டியிருந்தது. எண்ணூர்க் கடற்கரையில் காந்தத்துக்கும் வெற்றிடத்துக்கும் எங்கே போவது?

அதைவிடப் பெரிய திடுக்கீடு 2009-ல் வந்தது. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் ஜான்ஸன் என்பவரின் ஆராய்ச்சிக் குழு ஒரு சந்தேகத்தைக் கிளப்பிற்று. கிராபீனில் மின்சாரக் கம்பி வைப்பதற்காக அதன்மேல் ஒருவகைப் பிசினைப் பூசிக் கோடு வரைந்து, பிற்பாடு பிசினைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பிசின் முழுவதும் போகிறதா? போகவில்லை. மிக மெல்லிய அழுக்காகத் தங்கிவிடுகிறது. அவர்கள் கரித்தாளை ஹைட்ரஜனும் ஆர்கானும் கலந்த காற்றில் 400 டிகிரி சூட்டில் வைத்து, அழுக்கை அடியோடு போக்கிவிட்டு, மறுபடியும் ஆவிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று? மோப்ப சக்தியில் பெரும் பகுதி போய்விட்டது! அழுக்குப் படலந்தான் ஆவிகளைப் பஞ்சுபோல் இழுத்துத் தாளின் அருகே சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுத்தமான கிராபீனுக்கு இந்த ஆவிகள்மீது அவ்வளவாகப் பிரியம் இல்லை.

நம்மைக் கேட்டால், இத்துறையில் மிகவும் போற்றத்தக்க ஆராய்ச்சி இதுவே என்போம். புதிய சாதனை என்று உலகம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, 'இருங்கள், கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்ப்போம்' என்று சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். அதனால் துறை பாழாகிவிடவில்லை, நேர்வழிக்குத் திரும்பிற்று. தற்செயலாக ஒட்டிய அழுக்கு இவ்வளவு உதவுமானால், வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் பூசிய பொருள் எவ்வளவு உதவும் என்று யோசிக்கலானார்கள். ஹைட்ரஜனுக்கு பல்லேடியம் என்ற உலோகத்தின் நுண்துகள். சாக்கடை வாயுவுக்குச் செம்பு ஆக்ஸைடு. கந்தக வாயு பட்டுச் செம்புப் பாத்திரம் கறுத்துப்போவதை நம் வீட்டு ஸ்திரீகள் யாவரும் அறிவார்கள். சில வாசனைகளை இனம் பிரிக்க உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. இழையையே கரித்தாளில் பதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2020-ல் கொள்ளை நோய் உலகை ஆட்டிவைத்தபோது, தென் கொரியாவில் கொரோனாக் கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப் பொருளைக் கிராபீனில் பதித்துக் கிருமியையே கண்டறிந்தார்கள்.

கிராபீனுக்கு ஓர் ஏழைத் தமையனும் உண்டு. கிராபைட்டைக் கடுமையான திராவகத்திலும் பெர்மாங்கனேட்டிலும் ஊறப்போட்டால், தாள்கள் பிராண வாயுவை ஏற்றுக்கொண்டு ஊதிப் பிரிந்து, ஜலத்தில் பழுப்பு மையாகக் கலந்துவிடுகின்றன. இந்தக் காரியத்தை 1859-லேயே பிராடி என்ற ஆங்கிலேயர் தொடங்கிவைத்தார்; ஹம்மர்ஸ் என்பவர் 1958-ல் சுலபமாக்கினார். அந்த மையை வேண்டிய இடத்தில் அச்சடித்துவிட்டுப் பிராண வாயுவைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். மிஞ்சுவது ஓட்டையும் கிழிசலுமான கிராபீன். ஆனால் அந்தக் கிழிசல்களின் ஓரங்களே வாயு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளாகின்றன. விலையும் மலிவு. வீதிக்கும் ஆலைக்கும் ஏற்ற கருவி பிறக்குமானால், அரண்மனைத் தாளிலிருந்து அல்ல, இந்தக் கந்தல் தாளிலிருந்தே பிறக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

இனி இடையூறுகள். முதலாவது, நம் ஊர்க் காற்று. ஆராய்ச்சிசாலைகளில் பெரும்பாலும் உலர்ந்த நைட்ரஜனிலோ உலர்ந்த காற்றிலோ வைத்துப் பரீட்சிக்கிறார்கள். நீராவியும் கரித்தாளிலிருந்து எலெக்ட்ரானை இழுக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தது என்று மேலே சொன்ன 2007-ம் வருஷத்துப் பரிசோதனையிலேயே கண்டார்கள். சித்திரை மாதத்துச் சென்னையில் காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும் போலிருக்கிறது. இந்தப் புழுக்கத்தில் கருவி கண்டது அம்மோனியாவையா, வெறும் வேர்வையையா என்று யார் தீர்ப்புச் சொல்வது? பெங்களூரில் ஸி. என். ஆர். ராவ் அவர்களுடைய குழுவினர் 2009-ல் நைட்ரஜன் டை ஆக்ஸைடையும் ஈரப் பதத்தையும் கிராபீன் எவ்வாறு உணர்கிறது என்று சேர்த்தே ஆராய்ந்தது இந்த விஷயத்தில் நமக்குப் பொருத்தமான முயற்சி. ஒரே தாளை நம்பாமல், வெவ்வேறு பூச்சுள்ள ஐந்தாறு தாள்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றின் சாட்சியத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்வது ஒரு வழி. பஞ்சாயத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்சபாதம் இருந்தாலும், ஐவரும் கூடினால் உண்மை ஒருவாறு வெளிப்படும் அல்லவா? நம் மூக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வாசனைகளைப் பிரித்தறிகிறது.

இரண்டாவது இடையூறு கலப்படம். பாலில் தண்ணீர் கலப்பதற்கு நம் நாட்டைக் குறை சொல்வார்கள். 2018-ல் ஸிங்கப்பூர் தேசியச் சர்வகலாசாலையார், உலகத்தின் பல பாகங்களிலுமுள்ள 60 கம்பெனிகளிடமிருந்து கிராபீன் என்ற பெயரில் விற்கப்பட்ட பொடியை வாங்கிப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் 100-க்கு 10 பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் அரைத்த கிராபைட்! அதாவது, பென்சில் பொடிக்குப் பட்டுக் குஞ்சலம் கட்டி விற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சரக்கை வாங்கி மோப்பக் கருவி செய்தால், இன்று செய்த கருவி ஒரு விதமாகவும் நாளை செய்த கருவி வேறு விதமாகவும் பேசும். உயிரைக் காக்கும் கருவியில் அதைக் காட்டிலும் ஆபத்து வேறில்லை.

மூலப் பொருளைப் பற்றி நாம் பிறரிடம் கையேந்த வேண்டியதில்லை. வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் வெள்ளையரை எதிர்த்து நின்ற சிவகங்கைச் சீமையின் மண்ணுக்கடியில் கிராபைட் இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே அதைத் தோண்டிச் சுத்தி செய்து விற்று வருகிறது. உலோகம் உருக்கும் மூசைகளுக்கும், சூடு தாங்கும் செங்கற்களுக்கும் அந்தச் சரக்குப் போகிறது. மிகச் சுத்தமான கிராபைட் நரம்புகள் அகப்படும் இலங்கை நமக்குக் கூப்பிடு தூரம். கிராபைட் டன் கணக்கில் மலிவாகப் போவதும், அதே கரி தாளாக மாறிக் கிராம் கணக்கில் ஏறிய விலைக்குத் திரும்பி வருவதும் நமக்குப் புதிய அநுபவம் அல்ல; பருத்தி போய்த் துணியாக வந்த பழைய கதைதான். ஆகையால் கொச்சியில் 2024-ல் கிராபீனுக்கென்றே ஒரு மத்திய ஸ்தாபனம் திறக்கப்பட்டதை மனமார வரவேற்கிறோம். சிவகங்கையிலிருந்து கொச்சி ஒன்றும் வெகு தூரமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2012-ல் சர்க்கரையை மணலோடு சேர்த்துக் காய்ச்சி, மணலின் மேலேயே கிராபீன் போர்வை படியச் செய்து, அதைக் கொண்டு ஜலத்திலுள்ள பூச்சிமருந்தை நீக்கிக் காட்டினார்கள். சர்க்கரையும் மணலும்! இதைக் காட்டிலும் சுதேசிச் சரக்கு எங்கே கிடைக்கும்?

மூக்குக் கருவியைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் சாக்கடைக் குழியில் மனிதரை இறக்குவது 2013-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2014-ல் விதித்த சுப்ரீம் கோர்ட்டு, 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்திற்று. ஆயினும் இறப்பவர்கள் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் பெயர் மேல் வரிசையில் இருப்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. மலிவான வாயுக் கருவி வந்துவிட்டால், 'கருவிதான் இருக்கிறதே, இறங்கு' என்று சொல்லக் கண்டிராக்டர்களுக்கு வாய் கூசாது. குழியில் இறங்க வேண்டியது யந்திரம். கருவி, யந்திரத்தோடு மேலே நிற்பவனுக்கும் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது விஷயம், கருவியின் முள் எங்கே ஆட வேண்டும் என்பது. ஆலைக்குள்ளே அதிகாரியின் அறையில் மட்டும் ஆடினால், வெளியே இருப்பவர்களுக்கு மறுபடியும் அவர்கள் மூக்குத்தான் கதி. பெரியகுப்பத்து மீனவர் தெருவிலும், பள்ளிக்கூடத்து வாசலிலும், வலை பின்னும் கொட்டகையிலும் விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாகக் கருவி இருக்க வேண்டும். அது காட்டும் எண்ணை அங்குள்ள ஜனங்களே படிக்கும்படி பெரிய எழுத்தில் எரிய வேண்டும். காய்ச்ச வேண்டாத, சிறு பாட்டரியில் ஓடுகிற, அச்சடித்துச் செய்யக்கூடிய கருவி என்பதாலேயே இது சாத்தியமாகும். நாம் கிராபீனைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டுவதும் இதற்காகவே.

வீட்டுச் சமையலறைக்கு இதை இன்றே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காஸ் கசிவைக் காட்டும் கருவி என்று கடைகளில் இப்போது விற்பவை பெரும்பாலும் டாகுச்சி வழியில் வந்த வெள்ளீய ஆக்ஸைடுக் கருவிகளே. வீட்டில் மின்சாரம் இருப்பதால் அவற்றைக் காய்ச்சுவது ஒரு கஷ்டமில்லை. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. வாங்குபவர்கள் அதைப் புகைப் போக்கிக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டிவிட வேண்டாம். சிலிண்டரிலுள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழும். தரைக்கு ஒரு முழ உயரத்துக்குள் மாட்டுவதே சரி.